ரெஜினாவின் கைப்பிடி

மீன் குழம்பு வாசனை இல்லாத வீடாகப் படாளம் ஜான்சன் வீடு மாறி நாலு மாதம் ஆகிறது.

தெருவில் இதைப் பேசாத ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் முதலில் மிக்ஸி ஓடும் வீடு அது. இப்போது அங்கே சுரைக்காயும் கோஸும் வெந்நீரில் ஊறிக்கொண்டிருக்கின்றன.

ரெஜினா பள்ளி மைதானத்தில் விசிலோடு மயங்கி விழுந்ததும், செங்கல்பட்டில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது என்று தெரிந்ததும் தெருக்காரர்களுக்கு மறந்திருக்காது. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு இவ்வளவு போதும்: ரெஜினா தனியார் பள்ளியில் விளையாட்டு டீச்சர். புருஷன் ஜான்சன், கம்பெனி வேன் ஓட்டுகிறவன். மாமியார் செங்கம்மாள், வாயும் மனசும் பெரிசு.

டாக்டர் பூபாலன் கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். செடியில் விளைந்ததை மட்டும்தான் சாப்பிட வேண்டும். அதிலும் பருப்பை அளந்துதான் போட வேண்டும். உப்பு பாதி. காயை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். இளநீர், வாழைப்பழம், தக்காளி பக்கமே போகக் கூடாது.

உணவு ஆலோசகர் அனு இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னாள்.

"சிறுநீரகத்துக்கு ஓய்வு குடுக்கணும். ஆனா சதையை விட்டுடக் கூடாது. சோறும் எண்ணெயும் குறையாம சாப்பிடுங்க. அது பத்தலைன்னா உடம்பு தன் சதையையே எடுத்து எரிச்சுக்கும். தினமும் கைக்கும் காலுக்கும் வேலை குடுங்க."

அன்று கொடுத்த மஞ்சள் ரப்பர் பட்டை இன்னும் ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. காலையில் பட்டை இழுப்பாள். சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து எழுவாள். ஆனாலும் ரவிக்கைக் கைகள் தொளதொளத்துப் போய், இரண்டு தடவை பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. அதுதான் ரெஜினாவுக்கு நோயைவிடப் பெரிய கவலை. அவள் கை, முழுத் தண்ணீர் கேனை ஒற்றையாகத் தூக்கித் தோளில் வைத்த கை.

இந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு வேலைகள் இருந்தன. காலையில் செங்கல்பட்டில் ரத்த ரிப்போர்ட். மாலையில் திருவிடந்தை கடற்கரையில் பெண்கள் கயிறு இழுக்கும் போட்டி.

படாளம் மகளிர் குழுவின் கயிற்றில் கடைசி ஆள் எப்போதும் ரெஜினாதான். கயிற்றை முதுகில் சுற்றி, குதிகாலை மண்ணில் புதைத்து நிற்கிறவள். அவள் சாய்ந்தால்தான் மற்ற ஏழு பேரும் நிற்க முடியும்.

"ரெஜி, கஞ்சி ஆறிடப் போவுது."

ஜான்சன் ஜவ்வரிசிக் கஞ்சியை டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தான். ஒன்றரை மாதமாகக் காலைக் கஞ்சி அவன் கையால்தான். சமையலறைப் பக்கமே போகாதவன் இப்படி மாறியதைத் தெருவே மெச்சிக்கொண்டது.

"இன்னைக்கு கெட்டியா கீதே."

"தெம்பா இழுக்க வேணாமா? குடி, குடி."

செங்கம்மாள் கோஸ் ஊறிய தண்ணீரை வாசலில் கொட்டியபடி புலம்பினாள். "சத்து பூரா செவந்த மண்ணுக்குப் போவுது. அந்த வேப்ப மரம்தான் கொழுத்துகினு கீது. மனுசிக்கு சக்கை."

"அத்தை, அந்தத் தண்ணி எனக்கு ஆகாதுன்னுதானே கொட்டச் சொல்றாங்க?"

"சொன்னாங்க, கொட்டறேன். வயிறு எரியுது, அதுக்கும் டாக்டரைக் கேக்கணுமா?"

ரெஜினா சிரித்துக்கொண்டே கிளம்பினாள்.

*

செங்கல்பட்டில் வேனை நிறுத்த இடம் கிடைக்காமல் ஜான்சன் சுற்றிக்கொண்டிருந்தான். ரெஜினா மட்டும் உள்ளே போனாள்.

அனு ஒரு சின்னக் கருவியை நீட்டினாள். கைப்பிடியை அழுத்தினால் கையின் பலத்தை எண்ணாகக் காட்டுவது. போன இரண்டு முறையும் எண் இறங்கியிருந்தது.

ரெஜினா மூச்சைப் பிடித்து அழுத்தினாள்.

அனு கருவியைத் திருப்பிப் பார்த்தாள். "இன்னொரு தடவை அழுத்துங்க."

அழுத்தினாள்.

"மேடம், ஏறியிருக்கு!"

"நிஜமாவா?"

"நீங்களே பாருங்க. நல்லாவே ஏறியிருக்கு. பட்டையை ஏமாத்தாம இழுத்திருக்கீங்க."

ரெஜினாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐம்பது பிள்ளைகளை ஒரே விசிலில் நிறுத்துகிறவள், அந்தச் சின்ன எண்ணைப் பார்த்து மூக்கை உறிஞ்சினாள். மாலைப் போட்டியில் வரலட்சுமியின் முகம் எப்படிப் போகும் என்று அப்போதே கற்பனை ஓடியது. வரலட்சுமி திருவிடந்தை மீனவப் பெண்கள் அணியின் தலைவி. மூன்று வருஷமாகக் கோப்பை அவள் வீட்டு டிவி மேல்தான் இருக்கிறது.

அந்தச் சந்தோஷம் டாக்டர் பூபாலன் மேஜை வரைக்கும்தான் நீடித்தது.

அவர் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"யூரியா ஏறியிருக்கு. பாஸ்பரஸும் ஏறியிருக்கு. போன தடவை அழகா இறங்கியிருந்ததே... என்னம்மா சாப்பிட்டீங்க?"

"நீங்க சொன்னதுதான் சார். ஒரு பருப்பு கூடப் போடலை."

"சாப்பாட்டுல ஏதோ புதுசா போகுது. இல்லைன்னா இவ்வளவு ஏறாது."

"பயிற்சியால இருக்குமா சார்?"

டாக்டர் ரிப்போர்ட்டை மடித்து வைத்தார். "பயிற்சி மேல பழி போட எனக்கு மனசில்லை. அது உங்களுக்கு மருந்து மாதிரி. ஆனா காரணம் தெரியற வரைக்கும் மூச்சுமுட்ட இழுக்கிற வேலை வேண்டாம். இன்னைக்குக் கயிறு தொடாதீங்க."

ரெஜினா தலையை ஆட்டினாள். 

வெளியே வரும்போது அனு மெதுவாகக் கேட்டாள். "வீட்டுல யார் சமைக்கிறாங்க?"

"மாமியார்."

அனு தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடப் போனாள். ஆனால் அந்தக் கேள்வி ரெஜினாவோடு வேனில் ஏறிக்கொண்டது.

*

ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே வேன் ஊர்ந்தது.

"போட்டிக்கு நான் இல்லை," என்றாள் ரெஜினா. ரிப்போர்ட்டில் இருந்ததைச் சொன்னாள். "ஏதோ உள்ள போவுதாம். சாப்பாட்டுல."

ஜான்சன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். "சாப்பாட்டுலயா?"

"அத்தைதான். வேற யாரு? 'கவிச்சி இல்லாத ஒடம்புல பலம் எங்கருந்து வரும்'னு வாரத்துக்கு ஒரு தபா கேக்குறாங்க. கருவாட்டை இடிச்சுப் பொடி பண்ணிக் குழம்புல தூவியிருப்பாங்க. பாசம்தான். ஆனா என்னைக் கொன்னுடும் அந்தப் பாசம்."

ஜான்சன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். ஹாரனை அடித்தான். முன்னால் இருந்த லாரி எப்போதோ நகர்ந்து போய்விட்டிருந்தது.

அவன் வருத்தத்தில் இருப்பதாக ரெஜினா நினைத்துக்கொண்டாள்.

*

"நானா?"

செங்கம்மாள் கையில் கரண்டியோடு நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்க அத்தை. நல்லதுக்குத்தான் பண்ணியிருப்பீங்க. கருவாடு கொஞ்சம் கலந்தீங்களா? சொல்லிட்டீங்கன்னா டாக்டர்கிட்ட..."

"ஆராயி!" செங்கம்மாள் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "இங்க வாடி!"

பக்கத்து வீட்டு ஆராயி கயிற்று அணியில் மூன்றாவது ஆள். மாலைப் போட்டிக்குத் தலைமுடியை இழுத்துக் கட்டியபடி வந்தாள்.

"என் கருவாட்டுப் பானை எங்கடி கீது?"

ஆராயி விழித்தாள். "என் வூட்லதான் கீது அத்த. நீதான குடுத்த?"

"எப்ப குடுத்தேன்?"

"ரெஜினாக்கா ஆஸ்பத்திரியிலருந்து வந்த அன்னிக்கே. மத்தி, நெத்திலி எல்லாத்தையும் பானையோட தூக்கிக் குடுத்துட்ட. திருப்பிக் கேட்டா கூடத் தரக் கூடாதுன்னு எங்க மாரியாத்தா மேல சத்தியம் வாங்கின."

செங்கம்மாள் மருமகள் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது.

"நீ மோந்து பாத்துட்டு ஏங்கிப் போயிடுவன்னு குடுத்துட்டேன். நாலு மாசமா நானும் கவிச்சி தொடல. நீ துன்ற அதே சக்கை, அதே அரை உப்புதான் எனக்கும். தனியா வச்சுத் துன்னா எறங்குமா எனக்கு? வாயி பேசுவேன். அதுக்குன்னு வெசம் வப்பனா?"

ரெஜினா நிமிர்ந்து பார்த்தாள். அத்தையின் கழுத்தெலும்பு தெரிவதை இவ்வளவு நாளும் தான் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அத்தை..."

"கிட்ட வராத."

செங்கம்மாள் கரண்டியை மேடையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

வாசற்படியில் நின்றிருந்த ஜான்சனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. விறுவிறுவென்று வேனுக்குப் போனான். டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டு எதையோ உருவினான். திரும்பி வந்து சமையல் மேடையில் வைத்தான்.

வாளி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா. மேலே பச்சைப் பட்டாணிப் படமும் புஜத்தை மடக்கிக் காட்டும் ஒரு ஆள் படமும்.

"நான்தான்."

யாருக்கும் முதலில் புரியவில்லை.

"பட்டாணி மாவு. சதை ஏறுமாம். கஞ்சியில கலந்தேன். தெனமும் ரெண்டு கரண்டி. இன்னைக்குப் போட்டின்னு மூணு."

ரெஜினா டப்பாவைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"யோவ் ஜான்சன்!"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆராயி ஓரடி பின்னால் போனாள்.

"டாக்டரு செடியில வெளைஞ்சது சாப்புடலாம்னு சொன்னாரு இல்ல? பட்டாணி செடியிலதான வெளையுது? கவிச்சி ஒண்ணும் இல்லியே, ரெஜி!"

"அளவுன்னு ஒண்ணு சொன்னாரே, அது காதுல விழலையா? பருப்பையே கரண்டியால அளந்து குடுக்குற வீட்டுல, டப்பாவையே கவுத்திருக்க! சரி, அத்தை மேல நான் பழி போட்டப்போ வேன்ல வாயை மூடிக்கினு வந்தியே, அது இன்னா நியாயம்?"

ஜான்சன் டப்பாவை ஓரமாக நகர்த்தினான். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"பயம். அவ்ளோதான். தண்ணி கேனு தூக்குறப்ப உன் கை நடுங்குச்சு ஒரு நாளு. பாதியில கீழ வச்சிட்டு, யாரும் பாக்கலன்னு நெனச்சு இன்னொரு கையால தேச்சுக்கினே. நான் வாசல்ல நின்னுகினு பாத்தேன். எனக்கு அப்புறம் வண்டியே ஓடல."

ரெஜினா திட்டுவதை விட்டுவிட்டுத் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். சுவரைப் பார்த்து நின்ற செங்கம்மாள்தான் திரும்பினாள்.

"சமையக்கட்டுக்கு வந்து கஞ்சி காச்சறானே, நம்ம புள்ள திருந்திட்டான்னு நெனச்சேன். த்தூ." டப்பாவைத் திருப்பிப் பார்த்து, "இத எங்க வாங்கின? உனக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது?"

ஜான்சன் மென்று விழுங்கினான். "குமாரு."

அந்தப் பெயர் விழுந்ததும் ஆராயி சத்தமில்லாமல் தன் வீட்டுக்கு நழுவினாள்.

குமார் செங்கம்மாளின் இளைய மகன். கூடுவாஞ்சேரியில் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன் சங்கரி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். ஊர் முழுக்கத் தெரிந்த பிறகுதான் அம்மாவுக்குச் சொன்னான். பெண்மேல் செங்கம்மாளுக்குக் கோபம் இல்லை. கடைசியாகச் சொன்னதில்தான் கோபம். அன்றிலிருந்து அந்தப் பேச்சே இந்த வீட்டில் கிடையாது.

"நீ அவனைப் பாத்துகினுதான் இருக்கியா?"

"வண்டி அந்தப் பக்கம் போறப்ப பாப்பேன். அண்ணிக்கு இப்புடி ஆயிட்டுதேன்னு அழுதான்மா. அவன் ஜிம்முல இருந்தத எடுத்துக் குடுத்தான். அவனுக்கும் அளவு கிளவு தெரியாது."

 ரெஜினா மெல்ல அருகில் போய் அத்தையின் கையைப் பிடித்தாள். இந்த முறை கிட்ட வராதே என்று அவள் சொல்லவில்லை.

"மன்னிச்சிடுங்க அத்தை."

"உடு. உன் நெலமையில நானா இருந்தா நானும் என்னைத்தான் நெனச்சிருப்பேன்."

*

ரெஜினா அனுவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்து ஜான்சனையே பேசச் சொன்னாள். அவன் திக்கித் திணறிச் சொல்லி முடித்ததும் அனு நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"சார், செடியில வந்ததா இருந்தாலும் புரதம் புரதம்தான். அதோட கழிவை வெளியேத்தறதுக்கே சிறுநீரகத்துக்குக் கஷ்டம். அதுக்குத்தானே அளந்து குடுக்கறோம்? அந்த மாவை இனிமே தொடாதீங்க. அடுத்த வாரம் திரும்ப ரத்தம் எடுக்கலாம். காரணம் தெரிஞ்சதே பெரிய நிம்மதி."

ஜான்சன் போனுக்குத் தலையை ஆட்டினான்.

ரெஜினா போனை வாங்கினாள். அவள் கேட்க நினைத்தது வேறு.

"அப்போ, என் பிடி ஏறினதே இந்த மாவாலதானா மேடம்? நான் இழுத்ததெல்லாம் ஒண்ணுமில்லையா?"

மறுமுனையில் அனு குரலைத் தணித்தாள்.

"மாவைச் சாப்பிட்டுட்டு உட்கார்ந்திருந்தா பிடி ஏறாது. இழுத்தது நீங்கதான். ஆனா எதுக்கு எவ்வளவு பங்குன்னு இப்ப என்னால சொல்ல முடியாது. மாவு இல்லாம, சோறும் எண்ணெயும் நான் சொன்ன அளவுல சாப்பிட்டு, பட்டையை விடாம இழுங்க. அடுத்த மாசம் அழுத்திப் பார்ப்போம். ஏறணும்னு இல்லை. இருக்கறது இறங்காம இருந்தாலே நீங்க ஜெயிச்ச மாதிரி."

"இன்னைக்குக் கயிறு?"

"டாக்டரைக் கேட்டுட்டேன்னு நினைச்சுக்கோங்க. வேண்டாம்."

ரெஜினா போனை வைத்தாள். வாசலில் மற்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். ஏழு பேர். எட்டாவது ஆள் இல்லாமல் களத்தில் இறக்க மாட்டார்கள்.

"நான் நிக்கறேன்," என்றாள் செங்கம்மாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, உங்க வயசுக்கு..."

"வயசு என் வயசு, உனக்கு இன்னா? தலைமேல நாத்துக் கட்டு வச்சி வரப்புல ஓடின கழுத்து இது. வரப்பு வழுக்கும். அந்த மணலு வழுக்குமா? நீ பக்கத்துல நின்னுகினு எப்ப சாயணும், எப்ப நிக்கணும்னு சொல்லு, போதும்."

*

திருவிடந்தை கடற்கரையில் கூட்டம் நிறைந்திருந்தது. சவுக்குக் கம்பு நட்டு, தோரணம் கட்டி, மைக்கில் ஒருவர் விடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

வரலட்சுமி தூரத்திலேயே பார்த்துவிட்டாள். "இன்னா டீச்சரு! இந்த வருசம் மாமியாரைக் கூட்டியாந்துட்ட?"

"எனக்கு உடம்பு சரியில்லைக்கா. அவங்கதான் கடைசி ஆள்."

வரலட்சுமியின் சிரிப்பு நின்றது. ரெஜினாவின் கையை ஒருமுறை பார்த்தாள். "கேள்விப்பட்டேன்மா. சரி, பெரியம்மாவைப் பாத்து இழுக்கறோம்."

"ஒண்ணும் பாக்க வேணாம்," என்றாள் செங்கம்மாள், கயிற்றை முதுகில் சுற்றியபடி. "நல்லா இழு."

முதல் சுற்று தொடங்கிய வேகத்தில் முடிந்தது. தினமும் வலை இழுக்கும் கைகள். படாளத்துப் பெண்கள் கோட்டைத் தாண்டிக் கும்பலாக விழுந்தார்கள்.

ரெஜினா விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடுவில் வந்தாள்.

"ஆளுக்கு ஆள் தனித்தனியா இழுக்கறீங்க. இழுக்கவே வேணாம். பின்னால சாய்ஞ்சு சும்மா பிடிச்சிருங்க. அவங்க இழுத்து இழுத்துக் களைச்சதும் நான் ஊதுவேன். அப்ப எல்லாரும் ஒரே அடி. ஒரே ஒரு அடி. மறுபடி பிடிச்சுக்கணும்."

இரண்டாவது சுற்றில் அப்படியே நின்றார்கள். வரலட்சுமி அணி ஏலேலோ போட்டு இழுத்தது. கயிறு முறுகியது. செங்கம்மாளின் குதிகால் மணலுக்குள் இறங்கிக்கொண்டே போனது, ஆள் அசையவில்லை.

"உக்காராதீங்க அத்தை! சாயுங்க! மூச்சு விடுங்க!"

எதிர்ப் பக்கம் ஒரு நொடி தளர்ந்தது. ரெஜினா ஊதினாள். ஒரு அடி. மறுபடி பிடி. மறுபடி விசில். ஒரு அடி. கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். கயிற்றில் கட்டிய சிவப்புத் துணி கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தபோது ஜான்சன் தன் செருப்பைக் கழற்றி வானத்தில் எறிந்தான். அது வேறொருவர் தலையில் விழுந்தது.

மூன்றாவது சுற்று நீண்டது. விசில் ஊத ஊத வரலட்சுமிக்கும் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. அவளும் தன் பெண்களைச் சாய்ந்து நிற்க வைத்தாள். இரண்டு பக்கமும் சிலை மாதிரி நின்றார்கள். மைக் பிடித்தவர்கூட வாயை மூடிக்கொண்டார். கடைசியில் ஆராயியின் கால் வழுக்கியது, அவ்வளவுதான். முன்னால் நின்றவர்கள் சரிந்து கயிற்றை விட்டுவிட்டார்கள்.

செங்கம்மாள் விடவில்லை.

தனியாக, முதுகில் சுற்றிய கயிற்றோடு, உட்கார்ந்த நிலையிலேயே மணலைக் கிழித்துக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போனாள். "உடமாட்டேன்! உடமாட்டேன்!" வரலட்சுமியின் காலடி வரை போய்த்தான் நின்றாள். வாயெல்லாம் மணல். கடற்கரையே சிரித்தது. அதிகம் சிரித்தது செங்கம்மாள்தான்.

வரலட்சுமி அவளைத் தூக்கி நிறுத்திப் புடவையைத் தட்டிவிட்டாள். "யம்மா, நீ இன்னா துன்ற? எனக்கும் சொல்லு."

"கோஸு. ஊறவச்சி, புழிஞ்சி, அரை உப்பு போட்டு. வர்றியா வூட்டுக்கு?"

கோப்பை மறுபடியும் வரலட்சுமிக்குத்தான். ஆனால் தோற்ற அணிக்கு அவள் வீட்டில் வஞ்சிரம் வறுத்து வைத்திருந்தார்கள். மணலில் வட்டமாக உட்கார்ந்து இலை போட்டார்கள். ரெஜினாவுக்கு வேனிலிருந்து தூக்குப் பாத்திரம் வந்தது. நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்த சோறு, சுரைக்காய்ப் பொரியல்.

செங்கம்மாள் தன் இலையையும் அந்தப் பாத்திரத்துப் பக்கமே நகர்த்தினாள்.

நடுவில் இருந்த மீன் தட்டிலிருந்து பெரிய துண்டை ரெஜினா எடுத்து அத்தையின் இலையில் வைத்தாள்.

"வேணாம்டி."

"எனக்குத்தான் ஆகாது. உங்களுக்கு இல்லை. இன்னைக்கு நீங்க இழுத்த இழுப்புக்கு இது வேணும். சாப்பிடுங்க. நான் பாத்துகினே சாப்பிடறேன்."

"உனக்கு ஏக்கமா இருக்காது?"

ரெஜினா யோசித்துப் பார்த்தாள். "இருக்கும். அதனால என்ன? நீங்க பட்டினி கிடந்து ஒல்லியாகறதைப் பார்க்கறது அதைவிட கஷ்டம்."

செங்கம்மாள் முதல் துண்டை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த துண்டுக்கு அவள் கை தானாகவே நீண்டது.

*

வெயில் சாய்ந்த நேரத்தில் வேன் கோவளத்தைத் தாண்டிக் கேளம்பாக்கம் வந்தது. பின்னால் பெண்கள் தோற்ற கதையை ஜெயித்த மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். ஜான்சன் திருப்போரூர் வழியில் திரும்ப இண்டிகேட்டரைப் போட்டான்.

"நேரா போ," என்றாள் முன் சீட்டிலிருந்த செங்கம்மாள்.

"நேரா போனா வண்டலூரும்மா. அந்தாண்ட கூடுவாஞ்சேரி."

"எனக்குத் தெரியாதா? என் மருமவளுக்கு அளவு தெரியாம மாவு குடுத்தவனை நேர்ல ரெண்டு வார்த்தை கேக்கணும். வர்றோம்னு சொல்லணும், போனைப் போட்டுக் குடு."

 ஜான்சன் மனைவியைப் பார்த்தான். ரெஜினா கண்ணால், 'போடுங்க' என்றாள். அவன் இண்டிகேட்டரை அணைத்துவிட்டு எண்ணை அழுத்தி, போனை அம்மாவின் கையில் கொடுத்தான்.

மணி அடித்தது. எடுத்தது குமார் இல்லை.

"ஹலோ, சங்கரி பேசறேன். யாரு?"

செங்கம்மாள் போனைக் காதிலிருந்து விலக்கி ஒருமுறை பார்த்தாள். தொண்டையைச் செருமினாள்.

"நான்தாம்மா. உன் மாமியாரு. வூட்ல அரிசி கீதா? பத்து பேரு வந்துகினு இருக்கோம். அதுல ஒருத்திக்கு மட்டும் உப்பு பாதி, காயை ஊறவச்சித் தண்ணியைக் கொட்டிடு. பருப்பை நீ தொடாத. நான் வந்து அளந்து போடறேன்."

மறுமுனையில் ஏதோ ஒரு பெரிய பாத்திரம் கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது.